அம்மா சத்தியம் செய்த வருடம்

“உங்கம்மா இன்னும் சாகலையா?”

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நோன்யே என்னிடம் இப்படித்தான் கேட்டாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சுட்ட சோளத்தை ஒரு கடி கடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள். “இல்ல” என்றேன். நேரத்தோடு முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமல் விட்டவள் சொல்வதுபோல இருந்தது எனக்கே. “அப்ப நல்லதுதான்” என்று நோன்யே சோளத்தில் பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வீட்டில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான் காரணம். அதை யாரிடமாவது சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் இருந்ததில்லை.

எல்லாம் ஒரு குச்சியால் வந்தது. எங்கள் நிலத்துக்கும் சித்தப்பா அஸுபிகேயின் நிலத்துக்கும் நடுவே எல்லை மரங்கள் ஒரு வரிசையாக நின்றன. தாத்தா காலத்தில் பங்கு பிரித்தபோது பங்காளிகள் கூடி நட்டவை. அந்த மரத்தின் கிளையை ஒடித்து மண்ணில் குத்தினாலே பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் அதை எல்லைக்கு வைப்பார்கள். அதனாலேயே சண்டையும் வரும். அப்பா இறந்த மறுவருடம், நடுவிலிருந்த மரம் ஒன்றைக் கறையான் அரித்து, ஒரு காற்றில் அது முறிந்து விழுந்தது. அம்மா அடுத்த மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி அந்த இடத்தில் நட்டாள், காலால் மண்ணை மிதித்தாள், வந்து மரவள்ளி உரிக்க உட்கார்ந்துவிட்டாள். பங்காளிகளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். எல்லை மரம் விழுந்தால் இரண்டு வீட்டாரும் நிற்க, குலத்து மூத்தவர் முன்னால், சபைக்கு மரியாதையாகக் கோலாக் கொட்டையும் கள்ளும் வைத்துத்தான் வேறொன்று நட வேண்டும். அம்மாவுக்கு இது தெரியாததல்ல. ஒரு குச்சி நடுவதற்கு இத்தனை ஆண்களுக்குக் கள் ஊற்ற வேண்டுமா என்று நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான். குச்சி துளிர்த்து, கொஞ்சம் சாய்ந்து வளர்ந்தது. சாய்ந்தது சித்தப்பா பக்கம்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. அப்பாவுக்குக் குழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர். கடைசிவரை மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காதவர். ஆனால் நிலம் என்றால் அவருக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிடும். குலத்து மூத்தவரான பெரியவர் ஒகெரெகேயின் வீட்டு முன் கொட்டகையில் பங்காளிகள் கூடினார்கள். பெண்கள் வெளியே மாமரத்தடியில் நின்று கேட்டோம். அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“அண்ணி எல்லையை நகத்திட்டாங்க” என்றார் சித்தப்பா. “அண்ணன் போனதும் என் நிலத்துல ஒரு எட்டு உள்ள வந்துட்டாங்க.”

“நகத்தலை. செத்த மரம் நின்ன எடத்துலதான் நட்டேன்” என்றாள் அம்மா.

“பாத்தவங்க யாரு?” என்று ஒகெரெகே கேட்டார்.

“கறையான் பாத்துச்சு.”

மாமரத்தடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். கொட்டகைக்குள்ளும் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். சித்தப்பாவின் முகம் கறுத்தது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அவர் அதோடு விட்டிருப்பார் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

“அப்ப சத்தியம் பண்ணட்டும்” என்றார்.

“பண்றேன். பைபிளைக் கொண்டாங்க.”

“பைபிள் வேணாம். அது மன்னிச்சு விட்டுடும்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்கள்தான்.

ஆகவே நிலத்துக்கு உரிய தெய்வமான ஆலாவின் முன்னால் அம்மா சத்தியம் செய்தாள். அந்த வருடத்துப் புதுக்கிழங்கு அறுவடை விழா முடிந்த மறுநாள். ஒகெரெகே மூத்தவரின் அதிகாரக் கோலான தன் ஒஃபோ கட்டையைத் தரையில் தட்ட, அம்மா வெறுங்காலோடு நின்று, நான் எல்லையை நகர்த்தியிருந்தால் அடுத்த புதுக்கிழங்கை என் வாய் தின்னக்கூடாது என்றாள். குரல் நடுங்கவில்லை. அதன்பின் ஊர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை; காத்திருக்க வேண்டும். அடுத்த விழாவுக்குள் அவள் செத்தால், பாம்பு கடித்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி, ஆலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். வீட்டு வளவில் புதைக்க மாட்டார்கள். காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். நான் சத்தம் போட்டு அழக்கூடாது. பிழைத்திருந்தால் அவள் சுத்தமானவள். அதுவரை அவள் கையால் யாரும் வாங்கித் தின்ன மாட்டார்கள், அவளோடு ஒரே தட்டில் கை வைக்க மாட்டார்கள். அம்மா ஆட்டிய பாமாயிலைச் சந்தையில் வாங்குவதற்குக்கூட ஆள் குறைந்தது.

அந்த வருடம் முழுவதும் நான் அம்மாவுக்கு முன்னால் நடந்தேன். தண்ணீருக்கு நான் போனேன், விறகுக்கு நான் போனேன். பாசி பிடித்த ஓடைக்கல்லில் அவள் கால் வைப்பதற்கு முன் நான் வைத்துப் பார்த்தேன். வயலில் அவள் குனிவதற்கு முன் குச்சியால் புல்லைத் தட்டினேன். மழையில் இடி விழும்போது அவளை வீட்டின் நடுவில் உட்கார வைத்தேன். “ஏண்டி, என்னை முட்டையாக்கி அடைகாக்கிறியா?” என்று சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லையே, எனக்கு என்ன பயம் என்பாள். ஆனால் பொய் சொல்லாதவர்களுக்கும் காய்ச்சல் வரும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை மட்டும் பேச மாட்டோம்.

சந்தை நாள்தோறும் ஒஸியோமா அத்தை வருவாள். அப்பாவின் அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குலத்தில் பிறந்து வெளியே போன பெண்களுக்கெல்லாம் தலைவி. அந்தப் பெண்கள் கூட்டமாகத் திரும்பி வந்து ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டு ஆண்கள் பின்வழியாக ஓடிவிடுவார்கள். அத்தை தனியாக வந்தாலே பாதிக் கூட்டம் வந்த மாதிரிதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். பிறகு மண்சுவருக்கு அந்தப் பக்கம், சித்தப்பா வீட்டில் கேட்கும்படி கத்துவாள்.

“டேய் அஸுபிகே! உங்கண்ணி இன்னிக்கு ரெண்டு தட்டு தின்னுருக்கா! மூணாவது கேக்குறா!”

சுவருக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

“காது கேக்கலையாடா? எருமை மாதிரி இருக்கா உங்கண்ணி! போய் வேற வேலை பாரு!”

“போதும், விடுங்க” என்று அம்மா அவள் வாயைப் பொத்தப் போவாள். “நீ சும்மா இரு உரேதியா. நீ தின்னுறது ஊருக்குத் தெரியணும்” என்பாள் அத்தை. என்னைத் தவிர அவள் மட்டும்தான் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாள். “என்னை எந்தச் சாமி கேக்கும்? கேட்டா நான் திருப்பிக் கேப்பேன்.”

வடக்கேயிருந்து தூசிக்காற்று வந்தது. உதடு வெடித்தது, கூரையெல்லாம் வெளுத்தது. அந்த நாட்களில் ஒரு காலையில் நான் எங்கள் வயல் ஓரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா எல்லையை ஒட்டிக் கிழங்கு மேடுகளுக்காக மண்ணை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் அவர் மண்வெட்டி எதிலோ பட்டு நின்றது. அவர் குனிந்து மண்ணைக் கையால் விலக்கினார். இன்னும் கொஞ்சம் விலக்கினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழைய மரத்தின் அடிக்கட்டை; கறையான் வேர்வரை தின்றுவிட்டதென்றே எல்லோரும் நினைத்திருந்தோம். கறையான் தின்ற மேல்பாகம் போக, வேரோடு மிச்சம் இருந்தது; அதன் கழுத்தை உரசிக்கொண்டுதான் அம்மா நட்ட கிளை நின்றது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு மண்ணை இழுத்து மூடிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒகெரெகேயின் வீட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் நடை கிழவன் நடையாக இருந்தது.

நான் கண்டதை அம்மாவிடம் சொன்னேன். அவள் பாமாயில் கிண்டும் அகப்பையை ஒரு கணம் நிறுத்தினாள். “எனக்குத் தெரிஞ்சதுதானே” என்று மறுபடி கிண்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் சில காலைகளில் பிளந்த விறகு கிடந்தது. மழைக்கு ஒழுகும் கோழிக்கூண்டுக் கூரை ஒருநாள் புதிதாக வேயப்பட்டிருந்தது. யார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

முதல் மழையோடு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் வேப்பிலையைக் கொதிக்க வைத்துக் குடித்தாள். அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்து, அப்பாவை விறகு வெட்டச் சொல்லிப் பேச ஆரம்பித்தாள். நான் சாலைக்கு ஓடினேன். மிஷன் ஆஸ்பத்திரி ஆறு தாண்டி, நடந்து போகிற தூரமில்லை. மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றிப் போகிறவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல், “வண்டியில வச்சே போயிட்டா அப்புறம் அந்த வண்டியில யாரு ஏறுவா? நீயே சொல்லு” என்றார். மற்றவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. எப்படிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை. திரும்பி வீட்டுக்கு ஓடி வந்தபோது சித்தப்பாவின் பைக் எங்கள் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

“துணியை எடு. நீளத் துணியா எடு” என்றார்.

அம்மாவால் உட்காரக்கூட முடியவில்லை, எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நானும், ஓடி வந்த சித்தியும் அவளைத் தூக்கிப் பைக்கில் அவருக்குப் பின்னால் வைத்தோம். குழந்தையை முதுகில் கட்டுவதுபோல அந்தத் துணியால் அவளைச் சித்தப்பாவின் முதுகோடு சேர்த்துக் கட்டினாள் சித்தி. அம்மாவின் தலை அவர் தோளில் விழுந்தது. நான் பின்னால் ஏறி, அவள் சரியாமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஊர்க்காரர்கள் வாசல்களில் வந்து நின்று பார்த்தார்கள். தன்னிடம் சத்தியம் வாங்கியவனின் முதுகிலேயே கட்டப்பட்டு ஒருத்தி போவதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

சேற்றில் வண்டி வழுக்கியது. சித்தப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

“அண்ணி, தூங்காதீங்க. ஏதாவது பேசுங்க. என்னைத் திட்டுங்க.”

ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது. “திட்டத்... தெம்பில்ல.”

“அப்ப மனசுக்குள்ள திட்டுங்க. செத்துடாதீங்க. கேக்குதா? நீங்க செத்துடக் கூடாது.”

“அப்ப ஏன்யா சத்தியம் கேட்ட?”

அவர் வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மருந்துப் புட்டியைக் கட்டிலுக்கு மேல் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். சித்தப்பா கட்டிலின் கால்மாட்டில், தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சொல்வதுபோல, அவளிடம் சொன்னார். “கட்டையைப் பாத்த அன்னிக்கே பெரியவர்கிட்ட ஓடினேன். நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொன்னேன். ‘உன்கிட்டயா சத்தியம் பண்ணா, உன்கிட்ட இருந்து திருப்பி எடுக்க? ஆலாகிட்ட குடுத்தது வருஷம் முடியாம வராது. நடுவுல நீ வாயத் தொறந்தா, ரெண்டு பேரும் பேசி வச்சு அவளைக் காப்பாத்துறீங்கன்னு ஊரு சொல்லும், அவ பேரு சுத்தமாகவே ஆகாது. அவ பிழைச்சு வரட்டும், அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லு’ன்னுட்டார்.” பிறகு நேராக என் பக்கம் திரும்பினார். “நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா, எபெரே?”

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. என்னைப் போலவே இன்னொருவரும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு ஏதோ சுமையில் பாதியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே, “அந்தக் கோழிக்கூண்டுக் கூரையை இன்னும் கொஞ்சம் சரிவா வேஞ்சிருக்கலாம்” என்றாள்.

புதுக்கிழங்கு விழா வந்தது. விழாவுக்கு முந்திய நாட்களில் நான் அம்மாவை வீட்டு வாசலுக்குக்கூட விடவில்லை. விழா முடிந்த மறுநாள் காலை, ஊர் அறிவிப்பவரின் இரும்பு மணி தெருவோடு போனது. அத்தை முந்திய நாளே தன் பெண்கள் பட்டாளத்தோடு வந்திருந்தாள். அம்மாவுக்குக் காலிலிருந்து கழுத்துவரை சுத்தத்துக்கு அடையாளமான வெள்ளைச் சுண்ணம் பூசி, தலையில் பட்டுத்துணி கட்டி, நடுவில் நிறுத்தி, கைதட்டிப் பாடிக்கொண்டு அழைத்துப் போனார்கள். அம்மா வெட்கத்தில் நெளிந்தாள். “கல்யாணத்துக்குக்கூட இப்படி யாரும் பண்ணலை” என்றாள். “அப்ப என் தம்பி கஞ்சன். அவனை வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்?” என்றாள் அத்தை.

ஆலாவின் இடத்தில் ஒகெரெகே ஒரு துண்டுப் புதுக்கிழங்கைப் பாமாயிலில் தொட்டு அம்மாவிடம் கொடுத்தார். அவள் எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த வௌவால்கள் எல்லாம் பகலில் கிளம்பிப் பறந்தன. நான் ஒருத்தி மட்டும் கத்தவில்லை. வேர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அஸுபிகே” என்றார் ஒகெரெகே. “சொல்ல வேண்டியது இருக்கா?”

சித்தப்பா ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“வாடா ராசா, வாயில கிழங்கா வச்சிருக்க?” என்று அத்தை கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள்.

அவர் ஆட்டுக் கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்தார். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார். எங்கே போகிறார் என்று புரியாமல் எல்லோரும் பின்னால் போனோம். நேரே வயலுக்குப் போய், சாய்ந்த மரத்தருகே மண்டியிட்டு, கிழங்குக் கொடிகளை விலக்கி, கையாலேயே மண்ணைத் தோண்டினார். நகத்தில் ரத்தம் வந்தது. அடிக்கட்டை வெளியே தெரிந்ததும் தள்ளி நின்றுகொண்டார். பங்காளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தொட்டும் பார்த்தார்.

ஒகெரெகே கடைசியாகப் பார்த்தார். “சரி. அஸுபிகே இன்னொரு ஆடு குடுப்பான், பங்காளிகளுக்கு. உரேதியா, நீ அடுத்த தடவை குச்சி நடுறதா இருந்தாலும் எங்களைக் கூப்பிடணும்.”

“அடுத்த தடவை நீங்களே நடுங்க. நான் கள்ளு மட்டும் ஊத்துறேன்” என்றாள் அம்மா. கிழவரே சிரித்துவிட்டார்.

அன்று எங்கள் வளவில் இடம் போதவில்லை. அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தானே சமைத்தாள். கசப்பிலைக் குழம்பும் இடித்த கிழங்கும் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வருடமாக எங்கள் வாசலை ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் தட்டை வழித்தார்கள். அன்று டயரைத் தட்டிப் பார்த்த மோட்டார் பைக்காரர்கூட இரண்டு தடவை வாங்கினார். நோன்யே வந்திருந்தாள். எப்போது பள்ளிக்கூடம் வருவாய் என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன், எனக்கே தெரியவில்லை.

வெயில் சாய்ந்தபோது கூட்டம் கலைந்தது. அத்தையும் பெண்களும் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசல் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சும்மா கண்ணை மூடியவள் தூங்கிப் போனாள். வாய் திறந்து, தலை ஒருபக்கம் தொங்க, முற்றமெல்லாம் கேட்கும்படி குறட்டை விட்டாள். அவள் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை. உடம்பிலிருந்த சுண்ணம் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. ஈ ஒன்று அவள் உதட்டில் உட்கார்ந்து எழுந்தது. நான் விரட்டவில்லை.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். குளித்து, பெரிய ஆட்களைப் பார்க்கப் போகும்போது போடும் சிவப்புத் தொப்பியைப் போட்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது; காலையில் வாயில் வராததை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றார். எழுப்பட்டுமா என்று நான் கையைக் காட்டினேன். அவசரமாக வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எதிரே கிடந்த மர உரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். நிழல் முற்றத்தைக் கடந்து அவர் கால்வரை வந்தது. பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அம்மாவின் குறட்டை ஏறி, எங்கேயோ ஒரு இடத்தில் சிக்கி, அறுபட்டு நின்றது. சித்தப்பா பாதி எழுந்துவிட்டார். உடனே ஒரு பெரிய உறுமலோடு அது மறுபடி கிளம்பியது, முன்னைவிடச் சத்தமாக. அவர் மெல்ல உட்கார்ந்தார். அவர் தோள்கள் தாழ்ந்தன. முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, உரலைச் சத்தமில்லாமல் நிமிர்த்தி வைத்து, தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் முற்றத்தைக் கடந்து போனார்.